ஊருக்கு ஊர் மாறும் கணினி

சென்னைக் கிண்டியில் 1958இல் திறக்கப்பட்ட தொழிற்பேட்டை, தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றை ஒரே சுற்றில் காட்டிவிடும் இடம். லேத் ஓடிய மனைகளுக்குப் பக்கத்தில் இன்று மென்பொருள் அலுவலகங்கள் அடுக்கடுக்காக எழுந்து நிற்கின்றன. அதே கிண்டியில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கிறது. இங்கிருந்து சேலம், ஈரோடு வழியாகத் திருப்பூருக்கும் கோவைக்கும் போய், பழனி, திண்டுக்கல், மதுரை என்று தெற்கே இறங்கி, சிவகாசியைத் தொட்டுத் தென்காசியில் முடியும் பாதையை ஒரு கேள்வியோடு கடந்து பார்க்க வேண்டும். கணினிப் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வரும் பிள்ளைகளிடம் இந்த ஊர்கள் ஒவ்வொன்றும் என்ன வேலையைக் கேட்கின்றன? பதில் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆனால் பிள்ளைகள் கையில் இருக்கும் சான்றிதழ் எல்லா ஊரிலும் ஒன்றுதான். பயிற்சிக்கும் வேலைக்கும் நடுவே விழுந்திருக்கும் இடைவெளிக்கு மூலகாரணம் இங்கேதான் இருக்கிறது. கணினியை நாம் ஒரு தனித் தொழிலாகக் கற்பிக்கிறோம். ஊர்களோ அதை வேறொரு தொழிலுக்குள் இருக்கும் கருவியாகப் பயன்படுத்துகின்றன.

இந்தியாவில் ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையக் கல்விக்கு அடிப்படையான கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. அதில் இன்று மாணவர்கள் விரும்பிச் சேரும் பிரிவுகளில் ஒன்று, ‘கோபா’ என்று சுருக்கி அழைக்கப்படும் ஓராண்டுக் கணினிப் பிரிவு. இயங்குதளம், வேர்டு, எக்செல், தரவுத்தளம், இணையப் பக்கம் அமைக்க எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், இணையப் பாதுகாப்பு என்று அதன் பாடங்கள் நீளும். அண்மைத் திருத்தங்களில் பைதானும் சேர்ந்துள்ளது. குறை சொல்லி ஒதுக்கத்தக்க பாடத்திட்டம் அல்ல அது. நாடு முழுவதற்கும் பொதுவான பாடம், பொதுவான தேர்வு என்பதால் சான்றிதழுக்கு எங்கும் மதிப்பு உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளை குறைந்த செலவில் கணினியைத் தொட வாய்ப்பும் கிடைக்கிறது. சிக்கல் அதன் அடித்தள எண்ணத்தில் இருக்கிறது. கணினியை இயக்குவதே ஒரு முழுநேர வேலை என்ற காலத்து எண்ணம் அது. அலுவலகத்துக்கு ஒரு கணினி, அதன் முன் ஒரு ஆபரேட்டர் என்று இருந்தபோது அது சரியாகவே இருந்தது. இன்று மேசைக்கு மேசை கணினி வந்துவிட்டது. கணினி தெரிந்தவருக்கு வேறு என்ன தெரியும் என்பதே வேலை தருபவரின் முதல் கேள்வியாகிவிட்டது.

ரயில் காட்பாடியையும் ஜோலார்பேட்டையையும் தாண்டும்போது, வழியிலுள்ள சிற்றூர்க் கடைத்தெருக்கள் எல்லாவற்றிலும் ஒன்றை எதிர்பார்க்கலாம்: தட்டச்சுப் பயிலகம் என்ற பழைய பலகையும், அதனருகே கணினி மையம் என்ற புதிய பலகையும். தனியார் நடத்தும் இந்தச் சிறு பயிலகங்களில் நம் வாதத்துக்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. தமிழக அரசின் தட்டச்சர் பணிக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தட்டச்சுத் தேர்ச்சி வேண்டும். தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் அலுவலக தானியக்கக் கணினிச் சான்றிதழும் வேண்டும். வேலை தருகிற அரசே, எத்தனை நிமிடத்தில் எத்தனை பிழைக்குள் அடிக்க வேண்டும் என்று தேர்வை வகுத்துவிட்டது. அதனால் பயிலகங்கள் தாமாகவே அந்த அளவுக்குக் கற்பிக்கின்றன. எதைக் கற்றால் என்ன கிடைக்கும் என்பது பெற்றோருக்கும் தெரிகிறது. வேலை தருபவர் தன் தேவையைத் தெளிவான சோதனையாக எழுதி வைத்தால் பயிற்சி தானே வந்து சேரும் என்பதற்கு இது போதும். அரசு செய்ததைப் பனியன் கம்பெனியும் பம்ப் பட்டறையும் அச்சகமும் செய்யவில்லை. அவர்கள் வாயால் கேட்பது ‘கம்ப்யூட்டர் தெரிந்த ஆள்’. அவர்களுக்கு உண்மையில் வேண்டியதோ வேறு.

திருப்பூரில் அது என்ன என்று பார்க்கலாம். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. இங்கே கணினியின் முன் அதிக நேரம் உட்காருபவர் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டு வாங்குநர் அனுப்பும் அளவுப் பட்டியலைப் படித்து, ஒரு சட்டைக்கு எத்தனை கிராம் துணி போகும் என்று அவர் கணக்கிட வேண்டும். அதோடு நூல் விலை, பின்னல் கூலி, சாயச் செலவு, சுருக்கம், சேதாரம், தையல் கூலி, டாலர் மாற்று விகிதம் எல்லாவற்றையும் சேர்த்து எக்செலில் விலை போட வேண்டும். பிறகு சாய மாதிரிக்கு ஒப்புதல் வாங்குவதிலிருந்து கப்பல் ஏறும் நாள் வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதி குறித்து, தள்ளிப்போகும் தேதிக்குக் காரணம் சொல்லி மின்னஞ்சல் எழுத வேண்டும். சட்டை ஒன்றுக்கு 160 கிராம் துணி என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம் சட்டைக்கு 16,000 கிலோ. கணக்கில் 3 சதவீதம் பிசகினால் 480 கிலோ துணி இழப்பு. ஐடிஐ-யில் எக்செல் கற்ற பிள்ளைக்குக் கூட்டல் சூத்திரம் தெரியும், வரைபடம் போடத் தெரியும். ஆனால் துணியின் கனத்தைக் குறிக்கும் ஜிஎஸ்எம் என்னவென்று தெரியாவிட்டால் அந்தச் சூத்திரத்தில் எந்த எண்ணைப் போடுவது என்பது தெரியாது. மென்பொருளைக் கற்பித்தோம், அதற்குள் வைக்க வேண்டிய வேலையைக் கற்பிக்கவில்லை.

இந்த ஊரே அதற்கு ஒரு விடையும் கண்டிருக்கிறது. 1990இல் உருவான திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியில், 1997இல் பின்னலாடை ஆடையியல் கல்லூரி ஒன்று இங்கே வந்தது. தொழிலின் நடுவே, தொழில் செய்பவர்களின் ஈடுபாட்டோடு எழுந்த கல்வி நிலையம் அது. ஆடையின் வடிவத்தைக் கணினியில் வரைவதும், துணி வீணாகாமல் துண்டுகளை அடுக்கி மார்க்கர் போடுவதும் அத்தகைய இடத்தில் துணியோடு சேர்த்தே கற்பிக்கப்படும். ஆனால் கல்லூரியில் இடம் பெறுபவர்கள் சிலரே. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்து, ஒரே ஆண்டில் வருமானம் தேடவேண்டிய பெருந்திரளுக்கு அந்தப் பாதை எட்டாது. அவர்கள் போகும் ஓராண்டுப் பயிற்சிக்குள்தான் ஊரின் தொழில் நுழைய வேண்டும்.

திருப்பூரிலிருந்து கோவை ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆனால் அங்கே கணினி இயந்திரத்தின் உடம்புக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. பம்ப், மோட்டார், கிரைண்டர், வாகன உதிரிபாகம் செய்யும் பட்டறைகளில் கணினி கட்டுப்படுத்தும் சிஎன்சி லேத்தும் விஎம்சி இயந்திரமும் ஓடுகின்றன. பொத்தானை அழுத்திப் பொருளை மாற்றி வைப்பவர் ஆபரேட்டர். கருவியைப் பொருத்தி, அது தேயத் தேய ஆப்செட் எண்ணைத் திருத்தி, முதல் பொருளை மைக்ரோமீட்டரால் அளந்து பார்ப்பவர் செட்டர். இருவர் கூலிக்கும் இடையே பெரிய தூரம் உண்டு. கணினித் திரையில் மாதிரி ஓட்டம் காட்டி, இயந்திரத்துக்கான கட்டளை மொழியான ஜி-கோடு கற்பிக்கும் மையங்கள் பல. திரையில் கருவி தேயாது, உலோகம் சூடாகி விரியாது. 0.02 மில்லிமீட்டர் கூடிவிட்டதைக் கையால் அளந்து கண்டு, எந்த எண்ணை எந்தப் பக்கம் மாற்றுவது என்று முடிவெடுப்பதில்தான் ஆபரேட்டர் செட்டராக உயர்கிறார். வரைபடம் படிப்பது, அளப்பது, உலோகத்தின் குணம் அறிவது என்ற பழைய பிட்டர், டர்னர் பாடங்கள் இல்லாமல் புதிய கணினிப் பாடம் நிற்காது.

அதே பட்டறைகளின் முன்னறையில் இன்னொரு கணினி இருக்கிறது, கணக்காளருடையது. பயிற்சி எவ்வளவு விரைவில் பழையதாகும் என்பதை அறிய இந்த மேசை நல்ல இடம். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, அதுவரை டாலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றவர்களின் வரிப்பாடம் ஒரே இரவில் மாறியது. 2018இல் இ-வே பில் வந்தது. 2020இல், விற்றவர் காட்டிய பில்லும் வாங்கியவர் கோரும் வரிக்கழிவும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடும் மாதாந்திர அறிக்கை வந்தது. பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் இருந்த மின் விலைப்பட்டியல், 2023 ஆகஸ்ட் முதல் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் எல்லாருக்கும் கட்டாயமானது. வவுச்சர் பதியக் கற்றுக்கொடுத்து முடித்துவிடும் மையத்திலிருந்து வருபவருக்கு முதல் மாதமே திணறல்தான். பட்டறை முதலாளிக்கு வேண்டியது சரியான தேதிக்குள் சரியான கணக்கைத் தாக்கல் செய்து, பொருந்தாத பில்லுக்குச் சப்ளையரைக் கூப்பிட்டுப் பேசக்கூடியவர். இதை ஐந்தாண்டுக்கொரு முறை திருத்தும் பாடநூலால் தர முடியாது. நடப்பு மாதத்துக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகத்தில் கொஞ்ச காலம் உட்கார்ந்தால்தான் வரும்.

தொழிலுக்குள் கல்வியை வைப்பது கோவைக்குப் புதிதல்ல. பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926இல் தொடங்கிய தொழில் நிலையம், உற்பத்தியையும் பயிற்சியையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது. கணினித் தொழிலுக்கும் அதே வழி பொருந்தும் என்பதை ஜெர்மனி காட்டியிருக்கிறது. அங்கே 1997இல் முதலாளிகள், தொழிற்சங்கங்கள், அரசு மூவரும் கூடித் தகவல் தொழில்நுட்பத்துக்கென நான்கு புதிய பயிற்சித் தொழில்களை வகுத்தார்கள். 2020இல் அவற்றைத் திருத்தி எழுதினார்கள். பயிற்சியாளர் வாரத்தின் பெரும்பகுதி நிறுவனத்தில் வேலை செய்வார், மீதி நாட்களில் தொழிற்பள்ளிக்குப் போவார். இறுதித் தேர்வின் ஒரு பகுதி, தன் நிறுவனத்துக்கு உண்மையில் தேவைப்படும் ஒரு பணியை 40 முதல் 80 மணி நேரத்துக்குள் செய்து முடித்து, அதை விளக்கித் தேர்வாளர்களின் கேள்விக்குப் பதில் சொல்வது. மனப்பாடம் அந்த இடத்தில் உதவாது. பயிற்சி வேலைக்குப் பொருந்துகிறதா என்ற கேள்விக்குத் தேர்வுக்கூடத்திலேயே விடை கிடைத்துவிடுகிறது.

கோவையை விட்டுப் பொள்ளாச்சி, பழனி வழியாகத் திண்டுக்கல் நோக்கிப் போகும் பாதையில் ஒருபுறம் மலை கூடவே வருகிறது. அந்த நீண்ட பாதையில், இதுவரை சொன்னதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பை எடைபோடலாம். ஊரின் தொழிலுக்கு ஏற்றபடி பிள்ளையைச் செதுக்கினால், அந்தத் தொழில் சரியும்போது பிள்ளையும் சரிவாரே? ஹனுஷெக் உள்ளிட்ட பொருளியலாளர்கள் பல நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டு 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்த அச்சத்துக்கு ஆதாரம் தருகிறது. தொழிற்கல்வி பெற்றவர்கள் இளமையில் எளிதாக வேலை பெறுகிறார்கள். வயது ஏற ஏற, பொதுக்கல்வி பெற்றவர்களைவிட வேலையில் நிலைப்பது அவர்களுக்குக் கடினமாகிறது. நிறுவனத்தில் பழகும் முறை வேரூன்றிய ஜெர்மனி போன்ற நாடுகளில்தான் இந்தப் போக்கு அதிகம் தெரிந்தது. இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒரே மென்பொருளின் பொத்தான்களைக் கற்பிப்பதும் குறுகிய பயிற்சியே என்பதை நினைக்க வேண்டும். அதுவும் அடுத்த பதிப்போடு காலாவதியாகிறது. கணக்கு, மொழி, தரவை ஒழுங்குபடுத்துதல், காரணம் கேட்டுப் பிழை தேடுதல் ஆகிய பொது அடித்தளம் எல்லா ஊருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அதன்மேல் கட்டும் பாதி மட்டும் ஊருடையதாக இருக்கட்டும். பனியனுக்கு விலை போடக் கற்ற பிள்ளை செலவைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்க்கப் பழகிவிடுகிறது. நாளை பம்புக்கும் அப்படியே விலை போடும். ஒரு தொழிலை ஆழமாகக் கண்டவருக்கு இன்னொன்றுக்குத் தாவுவது எளிது. எதையும் ஆழமாகக் காணாதவருக்குத் தாவ இடமே இருக்காது.

மதுரை, விருதுநகர் தாண்டிச் சிவகாசியில் இறங்கினால் கணினி மறுபடியும் உருமாறி நிற்கிறது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கி வளர்ந்த அச்சுத்தொழில் இது. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளை வெளியிட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்கும் ஊர். இங்கே டிடிபி எனப்படும் பக்க வடிவமைப்பு மேசையில் உட்காருபவருக்கு கோரல்டிராவும் போட்டோஷாப்பும் தெரிந்தால் மட்டும் போதாது. திரையில் ஒளியாகத் தெரியும் நிறம் தாளில் நான்கு மையாகப் பிரியும்போது எப்படி மாறும், வெட்டும் ஓரத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், பெரிய தாளின் இருபுறமும் பக்கங்களை எந்த வரிசையில் அடுக்கினால் மடித்தபின் சரியாக வரும் என்பதெல்லாம் தெரிய வேண்டும். தமிழும் தெரிய வேண்டும். 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 விசைப்பலகை வந்தது, 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஆனாலும் பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை மாற்றும்போது சிதையும் எழுத்தைக் கண்டுபிடித்து, விட்டுப்போன ஒற்றைச் சேர்ப்பவருக்கு மதிப்பு அதிகம். ஒரு காலண்டரில் முகூர்த்த நாள் தவறாக அச்சானால் எத்தனை வீட்டுச் சுவர்களில் அந்தத் தவறு ஓராண்டு தொங்கும்! நாடு முழுவதற்குமான கணினிப் பாடத்திட்டத்தில் இந்த நுணுக்கங்களுக்கு இடம் இல்லை, இருக்கவும் முடியாது. அதனால்தான் ஊருக்கென ஒரு பகுதி தேவைப்படுகிறது.

இரண்டாவது மறுப்பு முதலாளிகள் தரப்பிலிருந்து வரும். பத்துப் பேர் வேலை செய்யும் அச்சகத்துக்குப் பாடத்திட்டம் எழுத நேரம் ஏது? பழக்கிய பிள்ளை அடுத்த தெருக்காரரிடம் போய்விட்டால் செலவு யாருக்கு? நியாயமான கவலைதான். இதைத் தனி முதலாளியால் தீர்க்க முடியாது, சங்கத்தால் முடியும். ஏற்றுமதியாளருக்கும், சிறுதொழில் முனைவோருக்கும், அச்சக உரிமையாளருக்கும் இந்த ஊர்களில் அமைப்புகள் இருக்கின்றன. ஊரே சேர்ந்து பழக்கினால் பிள்ளை எந்தத் தெருவுக்குப் போனாலும் ஊருக்கு இழப்பில்லை. சட்டமும் துணைக்கு இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டப்படி, முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். சிறியவை விரும்பினால் சேர்க்கலாம். 2016இல் வந்த ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையின் கால்பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்றது. சிவகாசியின் சொந்த வரலாறும் இதையே சொல்கிறது. 1922இல் கல்கத்தாவுக்குப் போன அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அங்கே தீப்பெட்டித் தொழிலை நேரில் கற்றுத் திரும்பி ஊரை மாற்றினார்கள். வேலை நடக்கும் இடத்திலேயே கற்ற கல்வி அது.

அரசு சும்மா இருக்கிறது என்று சொன்னால் அது உண்மையாகாது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களைத் தொழில் நிறுவனங்களின் பாடங்களோடு இணைத்தது. டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை, சுமார் 2,877 கோடி ரூபாயில், ரோபாட்டிக்ஸும் மேம்பட்ட சிஎன்சியும் மின்வாகனத் தொழில்நுட்பமும் கற்பிக்கும் மையங்களாக மாற்றும் பணியும் நடந்தது. பழைய இயந்திரங்களோடு போராடிய நிலையங்களுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் இயந்திரம் வாங்குவது பொருத்தத்தின் முதல் படி மட்டுமே. ஒரே வகை மையம் ஒரகடத்தின் கார்த் தொழிலுக்குப் பொருந்தும் அளவு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பொருந்தாது. இயந்திரத்தைவிட முக்கியமானவர் கற்பிக்கும் ஆசிரியர். தொழிற்கூடத்தை விட்டு வந்து பல ஆண்டுகளான ஒருவர் நேற்று மாறிய வேலையை இன்று கற்பிக்க இயலாது. ஆண்டுதோறும் சில வாரங்கள் அவர் பட்டறைக்குப் போய் வர ஏற்பாடு வேண்டும். 2023-24 பொருளாதார ஆய்வறிக்கைப்படி, 15 முதல் 29 வயதுடையோரில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம், பரம்பரையாகவோ வேலையிடத்திலோ முறைசாராமல் கற்றவர்கள் 16.6 சதவீதம். பட்டறைகள் ஏற்கெனவே நாட்டின் பெரிய தொழிற்பள்ளியாக இருக்கின்றன. அவற்றை விட்டு விலகிப் பயிற்சி தனியே நடப்பதற்கு நியாயம் இல்லை.

ராஜபாளையம், சங்கரன்கோவில் கடந்து தென்காசியில் பாதை முடிகிறது. மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்து மத்தளம்பாறையில் 2011 முதல் சோஹோ நிறுவனம் இயங்குகிறது. 2000களின் நடுவில் அந்நிறுவனம் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், மாதந்தோறும் உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கும் எடுத்துக்கொள்கிறது. இதைப் பெருநிறுவனத்துக்கு மட்டுமே சாத்தியமான விதிவிலக்கு என்று சொல்லலாம். பணபலம் அப்படிப்பட்டதுதான். ஆனால் அதன் உள்ளமைப்பு எல்லாருக்கும் பொருந்தும்: கற்பிப்பவரே பிறகு அந்தப் பிள்ளையிடம் வேலை வாங்கப் போகிறவர். பாடம் பொருந்தாவிட்டால் நட்டம் அவருக்கே. சேர்ந்தவர்களின் தலையை எண்ணிப் பணம் பெறும் மையத்துக்கு அந்த நட்டம் இல்லை. பொருந்தாத பாடத்தின் விலையைப் பிள்ளையும் குடும்பமும்தான் கொடுக்கிறார்கள். நட்டத்தின் ஒரு பங்கைப் பயிற்சி தருபவர் தலையிலும் வைக்காதவரை பொருத்தம் வராது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி எக்செலும் நிரலும் அதுவே எழுதும், பிறகு இந்த முயற்சி எதற்கு என்பது கடைசி மறுப்பு. அது சூத்திரத்தை எழுதித் தரும் என்பது உண்மையே. துணியின் கனம் தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைத் துணியைத் தொட்டறிந்தவர்தான் பிடிப்பார். சப்ளையரின் பில் ஏன் பொருந்தவில்லை என்பதைக் கணக்கின் போக்கு அறிந்தவர்தான் கேட்பார். கருவி எளிதாகும்போது கருவியை மட்டும் அறிந்தவரின் மதிப்பு குறையும், தொழிலை அறிந்தவரின் மதிப்பு கூடும். ஆகவே இந்த மறுப்பு நம் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் தொழிற்சங்கமும் உரிமையாளர் சங்கமும் ஐடிஐ ஆசிரியர்களும் ஆண்டுக்கொரு முறை கூடி, அந்த ஊரின் கணினி மேசைகளில் நடக்கும் வேலைகளைப் பட்டியலிட வேண்டும். பொது அடித்தளத்துக்கு மேலான பாடமும் தேர்வும் அந்தப் பட்டியலிலிருந்து வர வேண்டும். தேர்வு ஒரு உண்மையான வேலையாக இருக்க வேண்டும். பயிற்சி முடித்தவர்கள் ஓராண்டுக்குப் பின் எங்கே, என்ன வேலையில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு நிலையமும் வெளியிட வேண்டும்; அரசின் பணம் அதைப் பார்த்தே போக வேண்டும். கடன்பட்டு ஓராண்டு படிக்கும் பிள்ளைக்கு, அந்த ஆண்டு எந்த வேலைக்குப் போய்ச் சேரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.